தையலறைத் தராசு

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையார் அவர்களுக்கு,

இக்கடிதம் கையில் கிடைக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். தாங்களும் என்னை அறிய வேண்டியதில்லை. நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரின் த்ரீ கிங்ஸ் பகுதியில் கணவரோடு வாழும், மன்னாரில் பிறந்த பெண் என்பது போதும். என் கணவர் எங்கள் வீட்டுத் தையலறையில் கைத்துப்பாக்கிக்கான ரவைகளைத் தம் கையாலேயே செய்யத் தொடங்கிய காலத்தில் நடந்தவற்றை, நடந்த ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

நான் சந்தேகக்காரி என்று என் மகள் சொல்வாள். அதை நான் மறுப்பதில்லை. புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் கொட்டகை ஒன்றில் முழங்கால் இடம் கொடுக்கும்வரை நின்று வேலை செய்தவள் நான். ஓடும் பட்டியில் உருண்டு வரும் வெங்காயங்களுக்கிடையே அழுகியதைக் கண்டெடுப்பதே என் கடமை. நல்ல வெங்காயத்தைப் பார்த்து மகிழ்வதற்கு அங்கே எவருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. அந்தக் கண் வேலையோடு ஓய்வு பெறவில்லை. என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

என் கணவர் இந்நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வின் முதலாண்டில் தோட்டம் செய்தார். பின்னர் எங்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் குடியிருக்கும், கணினி வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் அவரைத் தம்முடைய கைத்துப்பாக்கிச் சங்கத்துக்கு அழைத்துச் சென்றார். குறி பார்த்துக் காகிதத்தில் சுடும் விளையாட்டு அது. பொலிசார் வந்து வீட்டைப் பார்த்தார்கள், கராஜ் சுவரில் இரும்புப் பெட்டி பதிக்கப்பட்டது, துப்பாக்கி வைத்திருக்க உத்தரவும் கிடைத்தது. எல்லாம் சட்டப்படியே நடந்தன. ஆயினும் நான் நிம்மதியாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் போர்க்காலத்தில், முற்றத்தில் சுட்ட ரவையின் வெற்றுக் கோது ஒன்று கிடந்தாலே அதை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டு, புதைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றி, வாழைக்குட்டி ஒன்றையும் நட்டுவிடுவோம். இங்கே என் கணவர் அதே கோதுகளைப் பிளாஸ்டிக் வாளி நிறையக் கொண்டுவந்து, என் பாத்திரம் கழுவும் திரவத்திலேயே கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கப்பா இந்தக் குப்பை?" என்று கேட்டேன்.

"குப்பையோ? இது திரும்பப் பாவிக்கிற சாமான். கடையில ரவை எப்ப கேட்டாலும் 'முடிஞ்சுது, அடுத்த கிழமை வாங்கோ' எண்டுதான் சொல்லுறாங்கள். சங்கத்தில எல்லாரும் தாங்களே செய்யினம். நானும் செய்யப் போறன்."

"நீங்களோ? வீட்டிலயோ?"

"வீட்டிலதான். வேற எங்க, சேர்ச்சிலயோ?"

அத்தம்பி அப்போது அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "ஆன்ட்டி, அங்கிள் 'ரவை செய்யப் போறேன்'னு போன்ல சொன்னதும் நான் உப்புமாதான் கிண்டப் போறார்னு நினைச்சேன். எங்க ஊர்ல ரவைன்னா அதுதானே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே, இதைத் தொடக்கி வைத்தவர் இவர்தான் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

தேவையான இயந்திரம் நியூ லினில் இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. நானும் கூடப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். நல்ல பொருளை ஒருவர் ஏன் விற்கிறார் என்று அறிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. கண் மங்கிவிட்டது, அதனால் விடுகிறேன் என்றார் அந்தப் பெரியவர். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவருடைய விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. கைநெம்பு வைத்த இயந்திரத்தோடு, சிறு கோலும் அதில் தொங்கும் தட்டும் முள்ளும் கொண்ட தராசொன்றையும் அவர் ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில், "கண் தெரியாத மனுசன் பாவிச்ச தராசு," என்றேன். என் கணவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த தகராறு இடத்தைப் பற்றியது. மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் எனக்குக் கராஜில் ஒரு அடுப்பு உண்டு. எங்களவர் வீடுகளில் அது வழக்கம்; பொரித்த வாசம் வீட்டுக்குள் தங்கினால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

"உம்மட அடுப்பும் என்ர வெடிமருந்தும் ஒரு இடத்தில இருக்கக் கூடாது," என்றார்.

"அடுப்பு முதல் வந்தது."

"சரி, அது இருக்கட்டும். உம்மட தையலறையைத் தாரும்."

"என்ர மெசின்?"

"ஹோலுக்குள்ள, டிவிக்குப் பக்கத்தில வைப்பம். நாடகம் பாத்துப் பாத்துத் தைக்கலாம்."

இப்படியாக என் தையலறை பறிபோயிற்று. நான் துணி வெட்டும் மேசையில் இயந்திரத்தைத் திருகாணி போட்டு இறுக்கினார். ஜன்னலோரத்தில் தராசை வைத்தார். வெடிமருந்துக் குப்பியைப் பூட்டும் பெட்டியில் வைத்துத் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார். சிலுவையோடு அது உரசும் சிறு ஓசை எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையின் முறை கேட்பதற்கு எளிது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை இயந்திரத்தில் வைத்து அமுக்கினால், அடியிலிருக்கும், மருந்துக்குப் பொறி கொடுக்கும் பழைய வெடிமூடி கழன்று விழும். விரிந்துபோன கோதும் பழைய பருமனுக்கு வரும். புதிய வெடிமூடியைப் பொருத்தி, தராசில் நிறுத்த மருந்தை உள்ளே கொட்டி, மேலே, பாய்ந்து போகும் குண்டாகிய சன்னத்தை இருத்தி இறுக்கினால் ரவை ஒன்று ஆயிற்று. எவ்வளவு மருந்து என்பது அதற்கென்றுள்ள புத்தகத்தில் இருக்கிறது. குறைந்தால் சன்னம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். கூடினால் துப்பாக்கி, பிடித்திருப்பவர் கையிலேயே வெடிக்கலாம். இதைத் தமிழ்நாட்டுத் தம்பி எனக்கு மறைக்காமல் சொன்னார். மறைத்திருந்தால் அவர்மீது என் சந்தேகம் கூடியிருக்கும்.

அன்றுமுதல் தையலறைக் கதவு மூடியே இருந்தது. மருந்து நிறுக்கும்போது கவனம் கலையக் கூடாதாம்; தொலைபேசி கூடாதாம்; பேச்சுக் கூடாதாம். நான் வெளியே நின்று காது கொடுப்பேன். நெம்பு இறங்கும் ஓசை கேட்கும். அதன்பின் நீண்ட அமைதி. ஓசையைவிட அமைதியே என்னை அச்சுறுத்தியது. பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே வாழ்நாளைக் கழித்த மனிதர், ஒரு சிறு தட்டின்முன் அவ்வளவு நேரம் அசையாதிருந்து என்ன செய்கிறார்?

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "மம், ஹீ இஸ் ஃபைன். யூ சஸ்பெக்ட் எவ்ரிதிங். லாஸ்ட் வீக் யூ சஸ்பெக்டட் த போஸ்ட்மன்," என்றாள். தபால்காரர் விடயத்தில் நான் சொன்னது சரியாகவே இருந்தது என்பதை அவள் மறந்துவிட்டாள்.

முதற்பெட்டி ரவைகளைச் செய்து முடித்து, சங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு வந்த அன்று அவர் முகத்தில் நான் நெடுங்காலம் காணாத ஒளி இருந்தது. "சுடேக்க நல்ல உதை! கடைச் சாமான் இதுக்குக் கிட்டவும் வராது," என்றார். தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுத்தார். அவர் இடக்கையர் அல்லர். வலக்கையைக் காட்டும்படி கேட்டேன். பெருவிரலும் உள்ளங்கையும் சேரும் இடம் சிவந்து தடித்திருந்தது.

"இது என்ன?"

"பழக்கமில்லை, அவ்வளவுதான்."

"இவ்வளவு காலமும் சுடுறியள். இண்டைக்கோ பழக்கமில்லாமப் போனது?"

அவர் கோதுகளைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, கடையில் வாங்கிய ரவைகளின் கோதுகளை ஒரு பக்கமும் தம் ரவைகளின் கோதுகளை மறு பக்கமுமாகப் பிரித்துக் கழுவக் கொடுத்தார். கொட்டகையில் பழகிய என் கண் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. கடைக்கோதின் வெடிமூடி ஓரத்தில் சற்று வளைந்து, தேய்ந்த சட்டைப் பொத்தானைப்போல இருந்தது. அவருடையவற்றில் அதே மூடி விளிம்புவரை தட்டையாகப் பரந்து, பின்புறத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றிரண்டு இப்படி இருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். எடுத்ததெல்லாம் இப்படியே இருந்தன. அதன் பொருள் எனக்குத் தெரியாது. ஒரு பட்டியிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே மாதிரிப் பழுதாக இருந்தால் பழுது பட்டியில்தான் இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தமிழ்நாட்டுத் தம்பியைச் சாப்பிட அழைத்தேன். இறால் குழம்பைப் பரிமாறிவிட்டு, இரண்டு கோதுகளை அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒன்றைக் கையிலெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அங்கிள், மூடி இப்படித் தட்டையாப் போனா மருந்து கூடியிருக்கும். எவ்வளவு போட்டீங்க?"

"புத்தகத்தில போட்டிருக்கிற மாதிரித்தான்."

"பக்கத்தைக் காட்டுங்க."

பக்கம் சரியாக இருந்தது. மருந்துக் குப்பியின் பெயரும் புத்தகத்தில் கண்ட பெயரும் ஒன்றாக இருந்தன. சன்னமும் சரியானதே. "தராசுதான்!" என்றேன் நான். தம்பி தம் வீட்டுக்குப் போய், தராசைச் சோதிக்கும் சிறு படிக்கற்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். தராசு ஒரு மயிரிழையும் பிசகவில்லை. நியூ லின் பெரியவரைப் பற்றி நான் சொன்ன சொல்லை மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் என் கணவர் அடுத்த சனிக்கிழமைப் போட்டிக்கென்று இரண்டாம் பெட்டியையும் செய்து வைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றைத் தம்பி எடுத்தார். ரவையைப் பிரிப்பதற்கென்றுள்ள, சுத்தியலைப்போன்ற ஒரு கருவிக்குள் அதைப் பூட்டிச் சீமெந்துப் படியில் ஓங்கித் தட்டினார். சன்னமும் மருந்தும் பிரிந்து கருவிக்குள் விழுந்தன. மருந்தைத் தட்டில் கொட்டி நிறுத்தார். முள் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

"கூட இருக்கு அங்கிள். புத்தகத்துல போட்டிருக்கிற கடைசி அளவையும் தாண்டிருச்சு."

"அது ஒண்டு தப்பிப் போயிருக்கும்."

"நீங்க ஒவ்வொண்ணையும் தராசுல வெச்சுத்தானே போட்டீங்க?"

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ, தம்பி?"

அப்போதுதான் என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நீர் அந்த அறைக்குள்ள போனனீரோ? தராசைத் துடைக்கிறன், கிடைக்கிறன் எண்டு கை வைச்சனீரோ?"

எத்தனையோ பேரை, எத்தனையோ பொருளைச் சந்தேகித்தவள் நான். எங்கள் மணவாழ்வில் என்மீது சந்தேகம் விழுந்தது அன்றுதான் முதன்முறை. "அந்த அறை வாசலைக் கூட நான் மிதிக்கேல்லை," என்றேன்.

தம்பி எழுந்தார். "ஆன்ட்டி மேல ஏன் கோவிக்கிறீங்க. அங்கிள், காரணம் தெரியிற வரைக்கும் மிச்சத்தைச் சுடாதீங்க. நானா இருந்தா சுட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, மகளைப் பரதநாட்டிய வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனார்.

"ஓம், ஓம்," என்றார் என் கணவர்.

என் கணவருடைய 'ஓம்' எனக்குத் தெரியும். ஒருமுறை சொன்னால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். இருமுறை சொன்னால் தாம் நினைத்ததையே செய்வார் என்று பொருள். சனிக்கிழமைப் போட்டியில் சொந்தக் கைச்சரக்கோடுதான் சுடுவேன் என்று சங்கம் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். பெட்டி தையலறையில் இருந்தது. அதை எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். ஆனால் உத்தரவில்லாதவள் ரவைப் பெட்டியைக் கையில் வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம். எங்கள் நாட்டில் அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அந்த வாரம் முழுவதும் என் கண்முன் இருந்தது ஒரே கேள்விதான்: சனிக்கிழமை மாலை அவர் இரண்டு கையோடும் இரண்டு கண்ணோடும் வீட்டுக்கு வருவாரா?

மறுநாள் காலை அவர் தையலறைக்குள் போகும்போது, நானும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"இஞ்சேரும், உள்ள ஒருத்தரும் இருக்கப்படாது."

"நான் ஒருத்தரும் இல்லை. நேற்று என்னிலை சந்தேகப்பட்டனீங்கள். இண்டைக்கு நான் இதில இருந்தா, நான் தொடேல்லை எண்டது உங்களுக்குத் தெரியுந்தானே."

அவர் சற்று விலகி வழி விட்டார். கதவோரமாகக் கதிரையைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

அவர் வேலை செய்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. தேவையற்ற பொருள் ஒன்றும் இல்லை. கோதுகள் பள்ளிப் பிள்ளைகளைப்போல வரிசையில் நின்றன. சிறு கரண்டியால் மருந்தை அள்ளித் தட்டில் சிறிது சிறிதாக உதிர்த்தார். முள் மெல்ல எழுந்து கோட்டைத் தொட்டு நின்றது. சரியாக நின்றது. நான் மூச்சு விட்டேன். இனி எங்கே பிழையைத் தேடுவது என்று தோன்றியது. அப்போது அவருடைய கண் அடுத்த கோதை நோக்கித் திரும்பியது. அந்த நொடியில், கண்ணின் துணையில்லாமலே, கரண்டி பிடித்த கை தட்டின்மேல் இன்னொரு சிறு அசைவு அசைந்தது. சில மணிகள் உதிர்ந்தன. தட்டு தாழ்ந்தது. அவர் முள்ளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக் கோதுக்குள் கொட்டினார்.

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அந்த அசைவை நான் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். பேருந்து ஓட்டுவதற்கு முன், இடம்பெயர்ந்து நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் முன், என் கணவர் மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுப்பவராக இருந்தார். சீனி, பருப்பு, மா என்று எதை நிறுத்தாலும், கோல் சமனாக நின்றபின் ஒரு பிடி கூடப் போட்டு, சாமான் தட்டுத் தாழ்ந்ததைச் சனம் கண்ட பிறகே கொட்டுவார். சமனாக நிற்கும் தட்டைப் பார்த்தால் சனத்துக்கு மனம் நிறையாது. தட்டுத் தாழக் கொடுப்பவன் நேர்மையானவன் என்று பெயர். பக்கத்துக் கடையை விட்டு அவர் கடைக்கு நடந்து வந்தவர்கள் அந்தச் சிறு தாழ்வுக்காகவே வந்தார்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மாருக்கு அது இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாழும்.

நான் உடனே கத்தவில்லை. மருந்தும் கையுமாக இருப்பவரைத் திடுக்கிடச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவர் கரண்டியைக் கீழே வைத்து, குப்பியை மூடும்வரை காத்திருந்தேன்.

"நீங்கள் தட்டுத் தாழப் போடுறியள்," என்றேன்.

"என்ன?"

"சங்கக்கடையில போட்ட மாதிரி. சமனா நிண்ட பிறகும் கை இன்னும் கொஞ்சம் போடுது."

"விசர்க் கதை கதையாதேயும். நான் முள்ளைப் பாத்துத்தான் போடுறன்."

"முள்ளைப் பாத்துப் போடுறியள். அதுக்குப் பிறகு பாக்காமலும் போடுறியள்."

அவர் நம்பவில்லை. நானும் நம்பும்படி கெஞ்சவில்லை. மருந்தைப் பூட்டச் சொன்னேன். தட்டைத் துடைத்து, அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தில் குறுணியரிசி கொண்டுவந்தேன். "இதை அதே அளவுக்கு நிறுங்கோ. உங்கட பாட்டில நிறுங்கோ. நான் சொல்லுற நேரம் மட்டும் பாருங்கோ," என்றேன். அவர் எரிச்சலோடு உட்கார்ந்தார். அரிசி மணிகள் விழுந்தன, முள் கோட்டில் நின்றது, அவர் கண் விலகியது, கை அசைந்தது.

"இப்பப் பாருங்கோ."

பார்த்தார். முள் கோட்டுக்கு மேலே நின்றது. கரண்டி இன்னும் தட்டின் மேலேயே இருந்தது. தம் கையை வேறொருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பின்னர் கரண்டியைக் கீழே வைத்து, "சமனா நிண்டா, ஆருக்கோ குறைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு," என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் தாங்கள் எண்ணுவீர்கள். நானும் எண்ணினேன். ஆனால் ஒரு மனிதர் தம் பிழையை ஒப்புக்கொள்வது வேறு. அதனால் விளைந்ததை விட்டுக்கொடுப்பது வேறு. அந்த வாரம் முழுவதும் இரண்டாம் பெட்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவர் பேசாத பொருளைத்தான் நான் எப்போதும் கவனிப்பேன்.

சனிக்கிழமை காலை பொழுது நன்றாக விடிந்திருந்தது. மவுண்ட் ரொஸ்கில் பக்கமிருந்து வந்த தூறல் நின்று வெயில் எறித்தது. நான் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பையோடு வாசலுக்கு வந்தார்.

"பையைத் திறவுங்கோ," என்றேன்.

"என்ன, எயர்போட்டோ இது?"

"திறவுங்கோ."

திறந்தார். துவாய்க்கு அடியில் இரண்டாம் பெட்டி இருந்தது.

"கொஞ்சந்தானே கூட," என்றார். "முதல் பெட்டி முழுக்கச் சுட்டனான். ஒண்டும் நடக்கேல்லையே. என்ர கைத்துவக்கும் அதைத் தாங்கும்."

"முதல் பெட்டி சும்மா செய்தது. இது போட்டிக்கெண்டு செய்தது. நல்லா இருக்கவேணும் எண்டு நினைச்சுச் செய்திருப்பியள். பிள்ளை குட்டியோட வாற சனத்துக்கு உங்கட கை எப்பிடிப் போட்டதெண்டு எனக்குத் தெரியும். இதில எவ்வளவு போட்டுதெண்டு உங்களுக்கே தெரியாது."

நான் சொல்ல வேண்டியதை முழுமையாகச் சொன்னேன்.

"கடையில கூடக் குடுத்தா, வாங்கினவன் வீட்டை கொண்டு போவான். இதில கூடக் குடுத்தா ஆர் வாங்கிறது? உங்கட கை வாங்கும். கண் வாங்கும். பக்கத்தில நிண்டு சுடுற ஆற்றையோ பிள்ளை வாங்கும். போறதெண்டா போங்கோ. ஆனா இந்தப் பெட்டியோட போறவரை நான் வழியனுப்ப மாட்டன்."

தெருவில் கார் ஹோர்ன் ஒலித்தது. தமிழ்நாட்டுத் தம்பி காரோடு வந்துவிட்டார். என் கணவர் அந்தக் காரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பின்னர் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், அந்தச் சுத்தியல் கருவியை எடுத்து வந்து சீமெந்துப் படியில் உட்கார்ந்தார். முதல் ரவையைப் பூட்டி ஓங்கித் தட்டினார்.

தம்பி காரை நிறுத்திவிட்டு வந்தார். "அங்கிள், போட்டிக்கு நேரமாச்சே?"

"நீர் போம், தம்பி. எனக்கு இண்டைக்குக் கடை பூட்டு."

தம்பி என்னைப் பார்த்தார். நான் அரிசியையும் சங்கக்கடையையும் பற்றிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, என் கணவரின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "ஐயோ அங்கிள், உங்களை மாதிரி ஒரு கடைக்காரர் எங்க தெருவுல இருந்திருந்தா எங்கம்மா கோயில் கட்டியிருப்பாங்க," என்றார். அதன்பின் அவரும் படியில் அமர்ந்துவிட்டார். ஒருவர் தட்ட, மற்றவர் கொட்டினார். தட்டும் ஓசை தெருவெங்கும் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மையார் ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்து, திரைச்சீலையை இழுத்து மூடினார். அவருடைய சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரித்தவற்றில் சிலவற்றை நிறுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மருந்து கூடுதலாகவே இருந்தது. ஒன்றை நிறுத்தபோது தம்பி முள்ளைப் பார்த்துவிட்டு என் கணவரின் தோளில் கை வைத்தார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. போட்டிக்கு இருவரும் போகவில்லை.

இப்போதும் என் கணவர் ரவை செய்கிறார். கதவு திறந்திருக்கிறது, நான் கதவோரக் கதிரையில் இருக்கிறேன். முள் கோட்டைத் தொட்டதும், போதும் என்ற பொருளில், "காணும்" என்பேன். கை நிற்கும். சில நாட்களில், நான் சொல்வதற்கு முன்பே நிற்கிறது. சில நாட்களில், சொன்ன பிறகும் விரல் சற்றுத் துடிக்கிறது. அத்தகைய நாளில் கொட்டாமல், தட்டை வெறுமையாக்கி முதலிலிருந்து நிறுக்கச் செய்வேன். அவர் முணுமுணுப்பார். "உம்மை மாதிரித் தராசு சோதிக்கிற ஒருத்தி சங்கக்கடைக்கு வந்திருந்தா சனம் எல்லாம் ஓடியிருக்கும்," என்பார். சொல்லட்டும்.

எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. நான் வெளியே போகும் நாட்களில் அவர் தனியே அந்த அறைக்குள் போவதில்லை என்று சொல்கிறார். ஒருமுறை 'ஓம்' என்றுதான் சொன்னார். ஆயினும் நான் திரும்பி வந்ததும் கரண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். என் கண்ணும் மூத்துக்கொண்டு வருகிறது. முள் கோட்டில் நிற்பதாக நான் கண்டது உண்மையில் அப்படி நின்றதா என்பதையும் ஒருநாள் சந்தேகிக்க வேண்டிவரும்.

அப்படியொரு நாளில் அவருடைய கைக்கு ஏதேனும் நேர்ந்தால், விசாரிக்க வருபவர்கள் மருந்தைச் சந்தேகிப்பார்கள், தராசைச் சந்தேகிப்பார்கள், எதிர்வீட்டுத் தம்பியைச் சந்தேகிப்பார்கள், எங்கள் ஊரையும் நிறத்தையும் வைத்து வேறேதேனும் சந்தேகிக்கவும் கூடும். அவை எதிலும் குற்றம் இல்லை. ஒருவருக்கும் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று பழகிய ஒரு கை மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கும். அதைத் தெரிந்தவர்கள் மூவரே. அந்த வேளையில் எங்கள் மூவரில் எவரும் பேசும் நிலையில் இல்லாது போகலாம்.

ஆகவே, ஐயா, அம்மா, விசாரணை என்று ஒன்று வந்தால் காட்டுவதற்காக, இதை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.